எடைக்கு விலைபேசப்பட்ட வாத்தியங்கள்

வயலின் ஒன்றின் எடை அரைக் கிலோ அளவே. பலகையை இழைத்து இழைத்து மெல்லியதாக்குவதில் அதனை ஆக்குபவரின் கைத்திறன் தெரியும். விமானப் பயணச் சட்டமோ நீண்டகாலம் இதற்கு நேர்மாறான கணக்கொன்றை வைத்திருந்தது. கனமான பொருளுக்கே அதிக விலை என்பது அந்தக் கணக்கு.

1929 ஒக்ரோபர் 12ஆம் திகதி வார்சோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இது தொடங்கியது. பயணி ஒப்படைத்த பொதி சேதமுற்றால், கிலோ ஒன்றிற்கு 250 தங்க பிராங்க் வரையுமே விமான நிறுவனம் பொறுப்பு. பிற்காலக் கணக்கில் இது ஏறத்தாழ 20 அமெரிக்க டொலர். பெட்டியுடன் மூன்று கிலோ நிறுக்கும் வயலினுக்கு 60 டொலர்! அது மூன்று தலைமுறை வாசித்த வாத்தியமா, நேற்றுக் கடையில் வாங்கியதா என்பது பொருட்டன்று. பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்தினால் கூடுதல் நட்டஈடு பெறலாம் என்ற வழியும் இருந்தது. அதை அறிந்து பயணம் செய்த வித்துவான்கள் எத்தனைபேர் இருந்திருப்பார்கள்? தவழும் பருவத்திலிருந்த விமானத் தொழிலைக் காப்பது அன்று நியாயமாக இருந்திருக்கலாம். தொழில் வளர்ந்து பல தசாப்தங்கள் சென்ற பின்னரும் அந்தக் கணக்கு நீடித்ததுதான் வியப்பு.

1999இல் உருவாகி 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மொன்றியல் உடன்படிக்கை எடைக் கணக்கைக் கைவிட்டது. பதிலாகப் பயணி ஒருவருக்கு 1,000 சிறப்பு எடுப்பனவு உரிமை என்ற உச்சவரம்பு வந்தது. 2024 டிசெம்பர் 28 முதல் அது 1,519. ஏறத்தாழ 2,000 டொலர். நல்ல வாத்தியத்தின் விலை இதற்கு மிக அப்பால் நிற்கிறது.

உச்சவரம்புக்குள் அடங்கும் தொகையைப் பெறுவதும் எளிதன்று. 2008 மார்ச்சில் கனடாவின் ஹலிபக்ஸிலிருந்து ஒமாஹா சென்ற பாடகர் டேவ் கரோல், சிக்காகோவில் தமது குழுவின் கிற்றார்கள் வீசியெறியப்பட்டதைப் பின்னாலிருந்த பயணி சொல்லி அறிந்தார். அவருடைய கிற்றார் உடைந்திருந்தது. திருத்தச் செலவு 1,200 டொலர். 24 மணித்தியாலத்துக்குள் முறையிடவில்லை என்று யுனைட்டட் எயர்லைன்ஸ் மறுத்துவிட்டது. மாதக்கணக்கில் அலைந்தவர், 2009 ஜூலையில் இதையே பாடலாக்கி யூரியூப்பில் ஏற்றினார். இலட்சக்கணக்கானோர் பார்த்த பின்னரே நிறுவனம் இறங்கிவந்தது. பாட்டுக் கட்டத் தெரிந்தவருக்கு நீதி கிடைத்தது என்று சொல்லலாம்!

அமெரிக்கா 2012இல் சட்டமொன்றை இயற்றி, 2015 மார்ச்சில் அதன் விதிகளை நடைமுறைப்படுத்தியது. சிறிய வாத்தியங்களைப் பயணிகள் அறைக்குள் கொண்டுசெல்லலாம். ஆனால் ஏறும் நேரத்தில் இடம் இருக்கவேண்டும். முந்தி ஏறியவரின் சூட்கேஸ் வயலினை வென்றுவிடும். பெரிய வாத்தியத்துக்குத் தனி ஆசனம் வாங்கலாம்.

நமது வீணை தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் அடங்காது. இரண்டாவது ஆசனத்துக்குப் பணம் வேண்டும், இல்லையேல் பொதியறைதான். அதன் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. வெயிலில் கிடந்தால் மெழுகு இளகும், அதிர்ந்தால் மெட்டு விலகும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கே மதிப்பு அதிகம் என்றாலும், பயணத்துக்கென்று தண்டியைக் கழற்றிப் பூட்டும் வீணைகள் இப்போது செய்யப்படுகின்றன. ஏகாண்ட வீணையை வீட்டில் வைத்துவிட்டு, கழற்றும் வீணையுடன் கடல்கடந்த கச்சேரிக்குப் புறப்படும் கலைஞர்களும் உண்டு.