சர்னியும் மந்தைவெளியும்

மும்பை மாட்டுங்கா ரோடில் லோக்கல் ஏறிச் சர்ச்கேட் போகிறவர்கள் தினமும் சர்னி ரோடு ஸ்டேஷனைத் தாண்டுகிறார்கள். மராத்தியில் 'சர்ணே' என்றால் மேய்தல். 1838இல் கோட்டைக்கு வெளியே இருந்த மைதானத்தில் மாடு மேய்க்க ஆங்கில அரசு கட்டணம் விதித்ததாம். ஏழை மாட்டுக்காரர்கள் தவித்தபோது பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் கைக்காசு 20,000 ரூபாய் போட்டு, தாக்கூர்துவார் அருகே கடலோரப் புல்வெளியை வாங்கி இலவசமாக மேயவிட்டார் என்பது நகரில் வழங்கும் வரலாறு. சர்னி என்ற பெயர் தாணேயின் செந்தணி என்ற இடப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு மேய்ச்சல்தான் பொருந்துகிறது. (மாட்டுங்காவில் மாட்டைத் தேட வேண்டாம், அதற்கு யானையைக் குறிக்கும் 'மாதங்க'த்தைக் காட்டுகிறார்கள்.)

நம் பக்கம் இதற்கு இணை மந்தைவெளி. 'மந்தை' என்பது ஆடுமாட்டுக் கூட்டம். அவை வந்து கூடும் திடலுக்கும் அதுவே பெயராயிற்று. மதுரைப் பக்கம் ஊர்க்கூட்டம் கூடுவதும் மந்தையில்தான், காவலுக்கு மந்தையம்மன். மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் இப்போது பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது.

சரி, நிலப்படத்தில் இந்த நிலம் எங்கே? இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டை விரித்தால் பயிர் நிலம் மஞ்சள், காடு பச்சை. மேய்ச்சல் வெளி வெறும் வெள்ளை. தரிசுக்கும் அதே வெள்ளைதான். அமெரிக்க உயர்சமவெளியின் பழைய படங்களிலோ மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலையைக்கூடக் குறித்திருக்கிறார்கள்.

பெயரைக் காப்பாற்றியது வருவாய்த் துறை. கிராமத்து 'அ' பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதியிருக்கும். மகாராஷ்டிரத்தில் அது 'காய்ரான்', பசுவின் வெளி. புறம்போக்கு என்றால் தீர்வைக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம். அந்த நல்ல சொல் நம் வாயில் வசவாகிப்போனது. யாருக்கும் சொந்தமில்லாததை யாரும் வளைக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களின் பெயர்களை அடுக்கியபோது மந்தைவெளியையும் புறம்போக்கையும் சேர்த்தே சொன்னது; ஆக்கிரமிப்பை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

தாராவியிலிருந்து லீவில் நெல்லைச் சீமைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதிய வரியைத் தேடிச் சர்வே எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்துக்கு நடந்துபோய், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.