பெயர் பொறித்த கல்: போரில் மடிந்த சிப்பாயை நினைவுகூரும் முறை உருவான விதம்

1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் லோஸ் போர்முனையில் ஐரிஷ் காவற்படையின் இளம் அதிகாரி ஜான் கிப்ளிங் காணாமற்போனார். பதினெட்டு வயது நிறைந்து ஆறு வாரமே ஆகியிருந்தது. கிட்டப்பார்வையைக் காரணம் காட்டிப் படை அவரை முதலில் மறுத்திருந்தது. தந்தையான எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்தான் படைத்தளபதி லார்ட் ராபர்ட்ஸிடம் சொல்லி இடம் வாங்கிக்கொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. சிப்பாய்களின் நினைவுக்கற்கள் எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்த வட்டத்தில் பின்னர் இந்தத் தந்தையும் இருந்தார் என்பதால், அந்த வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருந்தும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, 1815இல் வாட்டர்லூவில் விழுந்த சாதாரண வீரர்கள் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டனர். தேவாலயச் சுவர்களில் கல்வெட்டு வாய்த்தது பெரும்பாலும் அதிகாரிகளுக்கே. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அந்நாட்டு அரசு தேசியக் கல்லறைத் தோட்டங்களுக்குச் சட்டம் இயற்றியது. 1871இன் பிராங்க்பர்ட் உடன்படிக்கையில் பிரான்சும் ஜெர்மனியும் தத்தம் மண்ணிலுள்ள படைவீரர் கல்லறைகளைப் பேண ஒப்புக்கொண்டன. பிரிட்டனில் இதற்கு வித்திட்டவர் ஃபேபியன் வேர். செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவோடு 1914இல் பிரான்சுக்குப் போனவர், கேட்பாரற்றுக் கிடந்த புதைகுழிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்தப் பதிவேடுதான் 1917 மே மாதம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமாக வளர்ந்தது.

1915 ஏப்ரலில் இறந்த ஒரு படைஅதிகாரி, முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன். அவருடைய உடலைத் தோண்டியெடுத்துத் தாயகம் கொண்டுவந்தார்கள். வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டுக்கு மட்டும் பிள்ளை திரும்பி வருவதை வேர் ஏற்கவில்லை. அதன்பின் எவர் உடலையும் கொண்டுவரக் கூடாது என்று தடை வந்தது. ஆணையத்துக்குப் பிரெடரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கை இதே சமன்மையைக் கல்லுக்கும் விரித்தது: ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஏறத்தாழ 81 செ.மீ. உயரமுள்ள ஒரே அளவுக் கல். குடும்பத்தார் சேர்க்க விரும்பும் வாசகம் 66 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணம். (காசு கேட்டது பெரும் மனக்கசப்பைக் கிளப்பியது, பிறகு அது விருப்பக் கொடையாக மாறியது.)

சிலுவை வடிவக் கல் வேண்டும் என்று போரில் மூன்று மகன்களை இழந்த லேடி புளோரன்ஸ் செசில் முன்னின்று அனுப்பிய விண்ணப்பத்தில் ஏறத்தாழ 8,000 பேர் கையொப்பமிட்டனர். 1920 மே 4 அன்று நாடாளுமன்றம் இதை விவாதித்தது. ஆணையத்தின் பக்கமே வென்றது. அவர்கள் கேட்டது சலுகை என்று எனக்குத் தோன்றவில்லை. உடலை அரசு எடுத்துக்கொண்டது, பதிலுக்குப் பெயரைத் தந்தது. அந்தப் பேரத்தில் பெற்றவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

1917இல் ஆணையத்தில் சேர்ந்த கிப்ளிங், அடையாளம் தெரியாதவர்களின் கற்களுக்கு உரிய வாசகத்தைத் தந்தார்: இவன் யாரென்று இறைவன் அறிவான் என்பது அதன் பொருள். மகனின் படைப்பிரிவு வரலாற்றை 1923இல் வெளியிட்டார். மகன் கிடந்த இடம் தெரியாமலே 1936இல் இறந்தார். 1992இல், பெயரறியா ஐரிஷ் காவற்படை லெப்டினன்ட் ஒருவரின் கல்லில் ஆணையம் ஜானின் பெயரைப் பொறித்தது. அவர் அப்போது இரண்டாம் லெப்டினன்ட்தானே என்று ஆய்வாளர் சிலர் மறுத்தனர். பின்வந்த ஆய்வுகள் ஆணையத்தின் முடிவையே ஆதரித்தன.

சமன்மை என்ற அந்தக் கொள்கை ஐரோப்பிய எல்லையைத் தாண்டியதும் தளர்ந்தது. ஐரோப்பாவுக்குள், பிரான்சின் நெவ் ஷாப்பெல்லில் 1927இல் திறந்த நினைவகம் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமை தூக்கி மடிந்தவர்களுக்கு நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் நகரங்களில் சிலைகள் உண்டு, பெயர்கள் இல்லை. பெயர் சொல்லி நினைவுகூரப்படாதவர்கள், அல்லது அறவே நினைவுகூரப்படாதவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அது 3,50,000 வரை இருக்கலாம் என்றும் ஆணையத்தின் சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. மெட்ராஸ் சேப்பர்ஸ் படையினரும் போரிட்ட மெசபடோமியாவுக்கான பஸ்ரா நினைவகத்தில், இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் அதன்கீழ் ஓர் எண்ணிக்கையும்தான் கிடைத்தன.