ஓட்டுநர் மட்டும் இயக்கும் ரயில்

கார்டு இல்லாமல், கதவுகளை மூடிப் புறப்படும் பொறுப்பையும் ஓட்டுநரே ஏற்கும் முறை. பிரிட்டனில் பெட்ஃபோர்டு – லண்டன் செயின்ட் பான்கிராஸ் மின்தடத்தில் 1983-இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்க எதிர்ப்பால் அதற்கென வாங்கிய புதிய ரயில்கள் அதுவரை நெடுநாள் ஓடாமல் நின்றன.

தொடக்கத்தில் நடைமேடை முனையில், ஓட்டுநர் பார்வைக்கு நேராகக் கண்ணாடிகளையோ டிவி திரைகளையோ நிறுவினார்கள். ரயில் சரியான இடத்தில் நின்றால்தான் அவை தெரியும். வெயில் அடித்தால் படம் மங்கும். பின்னர் கேமராக்கள் பெட்டிகளின் வெளிப்புறத்துக்கும் திரைகள் ஓட்டுநர் அறைக்குள்ளும் வந்தன. தேம்ஸ்லிங்க் தடத்தின் 700 வகை ரயில்கள் இப்படிப்பட்டவை.

12 பெட்டி ரயிலின் எல்லாக் கதவுகளையும் சிறுசிறு படங்களில் ஓட்டுநர் சில நொடிகளில் பார்த்தாக வேண்டும். கதவு மூடியதற்கான விளக்கு எரிந்தாலும், இடுக்கில் மெல்லிய பை வார் ஒன்று சிக்கியிருக்கலாம். விளக்கை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது என்பது அதனால்தான்.

2016-இல் தென் இங்கிலாந்தின் சதர்ன் நிறுவன ரயில்களில், கதவுப் பொறுப்பை ஓட்டுநரிடம் விடுவது குறித்த பிரச்சினை நீண்ட வேலைநிறுத்தங்களாக வெடித்தது. ஊழியர்களின் கவலை நியாயமானது: சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்பலகை போட, கேமரா எத்தனை இருந்தாலும், ஓர் ஆள் வேண்டும்.