டர்போ கார் வைத்திருந்தும் ஓவர்டேக்கில் இழுக்கலையா? திண்டிவனம் – விழுப்புரம் ரோட்டில் பிக்-அப்பை முழுசா எடுப்பது எப்படி?

டர்போ பெட்ரோல் செடான் வாங்கிய பலருக்கும் முதல் சில மாதங்களில் ஒரே சந்தேகம்தான் வரும். டெஸ்ட் டிரைவில் பறந்த வண்டி, வீட்டுக்கு வந்ததும் ஏன் மந்தமாகத் தெரிகிறது? லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி எதுவுமே நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று வண்டி பாய்கிறது. வண்டியில் கோளாறா? பெரும்பாலும் இல்லை. டர்போ இஞ்சின் வேலை செய்யும் விதமே அப்படித்தான். அதைப் புரிந்துகொண்டு ஓட்டினால், ஒரு ரூபாய் செலவில்லாமல் பிக்-அப்பை மேம்படுத்தலாம்.

சென்னையில் இருந்து தெற்கே போகும் வண்டிகளில் பெரும்பகுதி திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகத்தான் போகிறது. நான்கு வழிச்சாலை, டோல்கேட், கரும்பு டிராக்டர், ஊர் டிராஃபிக், இருவழிச் சாலை என்று எல்லாமே இந்த வட்டாரத்தில் வந்துவிடும். அதனால் இந்த ரூட்டையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

டர்போ என்ன செய்கிறது?

இஞ்சினுக்குள் அதிக காற்று போனால் அதிக பெட்ரோலை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். சாதாரண இஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடும். டர்போ இஞ்சினில், சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகை ஒரு சிறிய விசிறியைச் சுற்றுகிறது. அந்த விசிறியோடு இணைந்த இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. இந்த விசிறிகள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியவை. அழுத்தினால் காற்று சூடாகும் என்பதால், நடுவில் இன்டர்கூலர் வைத்து அதைக் குளிர வைக்கிறார்கள். 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. புகை வேகமாக வந்தால்தான் விசிறி சுற்றும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், விசிறி வேகமெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்துக்குப் பெயர்தான் 'டர்போ லேக்'.

எந்த ஆர்.பி.எம்-மில் சக்தி இருக்கிறது?

இந்தியாவில் பரவலாக ஓடும் டர்போ செடான்களின் கணக்கு இதுதான்:

• ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.0: 115 பி.எஸ். சக்தி, 178 நியூட்டன் மீட்டர் டார்க். 1,750 ஆர்.பி.எம்-மில் இருந்து முழு டார்க் கிடைக்கும்.

• விர்டஸ், ஸ்லாவியா 1.5: 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். 1,600 முதல் 3,500 ஆர்.பி.எம். வரை.

• ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ: 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். 1,500 முதல் 3,500 ஆர்.பி.எம். வரை.

டர்போ இல்லாத ஹோண்டா சிட்டி 1.5-ஐ ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதில் 145 நியூட்டன் மீட்டர் டார்க் முழுசாகக் கிடைப்பது 4,300 ஆர்.பி.எம்-மில். அதாவது சாதாரண இஞ்சினை விரட்டினால்தான் சக்தி வரும். டர்போ இஞ்சினில் பாதி தூரத்திலேயே சக்தி காத்திருக்கிறது.

இந்த எண்களில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். வேகம் வேண்டும் என்று நினைக்கும் நேரத்தில், முள் 2,000-க்கு மேல் இருக்க வேண்டும். 1,300-ல் இருந்துகொண்டு மிதித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியாக இருந்தாலும் யோசித்துத்தான் கிளம்பும்.

ஒரு நொடி தாமதம் எத்தனை மீட்டர்?

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையையோ, விழுப்புரம் – திருக்கோவிலூர் சாலையையோ எடுத்துக்கொள்வோம். நடுவில் தடுப்பு இல்லாத இடங்களில் முந்துவதென்றால் எதிர்த்திசைக்குள் ஏறித்தான் ஆக வேண்டும்.

முன்னால் 12 மீட்டர் நீள லாரி, 50 கி.மீ. வேகத்தில் போகிறது. லாரிக்குப் பின்னால் 20 மீட்டர், முந்திய பிறகு முன்னால் 20 மீட்டர் இடைவெளி வேண்டும். காரின் நீளத்தையும் சேர்த்தால், லாரியைவிட சுமார் 56 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். முந்தும்போது காரின் சராசரி வேகம் 75 கி.மீ. என்றால், இதற்கு 8 நொடி ஆகும். அந்த 8 நொடியில் கார் 167 மீட்டர் போயிருக்கும். எதிரே 80 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் வந்தால், அது 178 மீட்டர் வந்திருக்கும். ஆக, எதிர்ப்பக்கம் குறைந்தது 345 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும்.

இதில் டர்போ லேக் ஒரு நொடியைத் தின்றால்? இரண்டு வண்டியும் சேர்ந்து நெருங்கும் வேகம் மணிக்கு 155 கி.மீ. ஒரு நொடிக்கு 43 மீட்டர். நாலு பஸ் நீளத்துக்கு அந்த ஒரே நொடியில் கரைந்துவிடும். பிக்-அப் என்பது கெத்துக்கான விஷயம் இல்லை என்பதற்கு இந்த 43 மீட்டரே சாட்சி.

சரி, எப்படி முந்துவது?

1. லாரியின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. இடைவெளி விட்டால்தான் எதிரே என்ன வருகிறது என்று தெரியும். வேகமெடுக்கவும் இடம் இருக்கும்.

2. வெளியே எடுப்பதற்கு முன்னாடியே கியரைக் குறைக்க வேண்டும். ஆறாவது கியரில் இருந்தால் நான்காவது, 50 கி.மீ. அளவில் இருந்தால் மூன்றாவது. முள் 2,500 பக்கம் வந்து நிற்கட்டும்.

3. ஆக்ஸிலேட்டரை முதலில் பாதி அளவு மிதித்து, டர்போ சுற்ற ஆரம்பித்ததும் முழுசாக அழுத்த வேண்டும். 'இழுக்குது' என்று தெரிந்த பிறகே ஸ்டியரிங் திரும்ப வேண்டும்.

4. இழுக்கவில்லை என்றால் வரிசையிலேயே இருந்துவிடலாம். வெளியே போய்விட்டு 'இப்போ வரும்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே கதைதான். 'டி' மோடில் மைலேஜுக்காக கியர்பாக்ஸ் எப்போதும் மேல் கியரிலேயே உட்கார்ந்திருக்கும். முந்துவதற்கு இரண்டு, மூன்று நொடி முன்னாடி 'எஸ்' மோடுக்கு மாற்றினாலோ, ஸ்டியரிங் பின்னால் இருக்கும் மைனஸ் பேடிலைத் தட்டினாலோ, கியர் தயாராக நிற்கும். திடீரென்று பெடலை அடிவரை மிதித்தால், கியர் இறங்க ஒரு தாமதம், டர்போ சுற்ற ஒரு தாமதம் என்று இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

டோல் தாண்டியதும் எப்படி வேகமெடுப்பது?

விக்கிரவாண்டி டோலில் இருந்து வெளியே வரும்போது பலர் முதல் கியரிலேயே 6,000 ஆர்.பி.எம். வரை இழுப்பார்கள். சத்தம்தான் அதிகம். மேலே சொன்ன 1.5 டர்போ இஞ்சின்களில் 3,500-க்கு மேல் டார்க் குறையத் தொடங்குகிறது. 3,500 முதல் 4,000-க்குள் அடுத்த கியர் போட்டால், முள் மறுபடியும் சக்தி இருக்கும் இடத்திலேயே வந்து விழும். பல லேன் சுருங்கி இரண்டாகும் இடம் அது. கண்ணாடியைப் பார்க்காமல் வேகமெடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், கூட்டேரிப்பட்டு போன்ற சந்திப்புகளில் வேகம் குறைந்த பிறகு அதே ஐந்தாவது கியரில் உருட்டி மீண்டும் மிதிப்பது. வண்டி உதறினாலும் 'தானா எடுத்துக்கும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நேரடி எரிபொருள் ஊசி உள்ள டர்போ இஞ்சின்களில், குறைந்த ஆர்.பி.எம்-மில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுப்பது, நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் பிரச்சினையைக் கொண்டுவரலாம். பிஸ்டனுக்கே கேடு. ஒரு கியர் குறைத்துவிட்டு மிதிப்பதே சரி.

ஊருக்குள் என்ன செய்யலாம்?

விழுப்புரம் நான்குமுனை சந்திப்பு மாதிரி இடங்களில் இரண்டு அடி நகர்ந்து நிற்கும் டிராஃபிக். இங்கே இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்து ஓட்டினால் கிளட்ச் சூடாகும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, சேர்ந்தாற்போல் நகர்வது நல்லது. சிக்னலில் இஞ்சின் தானாக அணையும் வசதி உள்ள வண்டிகளில், கிளம்பும்போது சின்னத் தாமதம் இருக்கும். அது தொல்லையாக இருந்தால், பட்டனை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம்.

மே மாதத்தில் வண்டி சோம்பலாவது ஏன்?

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 25 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால், அதே அளவு காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 5 சதவீதம் குறையும். டர்போ கூடுதலாகச் சுற்றி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் டிராஃபிக்கில் நின்று நின்று இன்டர்கூலர் சூடாகிவிட்டால், இஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். ஊரைத் தாண்டி ஒன்றிரண்டு கி.மீ. சீராக ஓடினால் காற்றுபட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். பம்பரின் முன் ஜாலியை அடைத்து எக்ஸ்ட்ரா விளக்கு, அலங்காரம் மாட்டாமல் இருப்பதும் முக்கியம்.

எடையும் ஒரு காரணம். 1,250 கிலோ காரில் டிரைவர் மட்டும் போவதற்கும், ஐந்து பேர், 50 கிலோ சாமான் என்று போவதற்கும் பிக்-அப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். தனியாகப் போகும்போது முந்திய இடைவெளியில், குடும்பத்தோடு போகும்போது முந்த முடியாது.

பெட்ரோல் மாற்றினால் பிக்-அப் கூடுமா?

கூடலாம், ஆனால் எல்லா வண்டியிலும் அல்ல. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் எத்தனை ஆக்டேன் வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைவிடக் குறைவாகப் போட்டால் சக்தி குறையும். அதைவிட அதிகமாகப் போட்டால், அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இஞ்சின் அமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே, குறிப்பாக வெயில் காலத்தில், வித்தியாசம் தெரியும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், ஒரு லிட்டருக்கான ஆற்றல் குறைவு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதே காரணம். இதன் அடி முதலில் விழுவது மைலேஜில்தான். ஆக்டேன் எண் கூடுதலாக இருப்பதால், பிக்-அப் அதே அளவு குறைய வேண்டியதில்லை.

செலவு குறைந்த கவனிப்பு

• ஏர் ஃபில்டர்: ரோடு வேலை நடக்கும் தூசிப் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு, சர்வீஸ் தேதிக்கு முன்பே பார்க்க வேண்டும்.

• டயர் காற்று: குறைவாக இருந்தால் இழுவை கூடும். முழு லோடுக்கான அளவு டிரைவர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியிலோ இருக்கும்.

• ஸ்பார்க் பிளக், இஞ்சின் ஆயில்: கையேட்டில் சொன்ன ரகம் மட்டுமே. டர்போவின் தண்டு ஆயில் மேல்தான் மிதந்து சுற்றுகிறது.

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் சில கி.மீ. மென்மையாக ஓட்ட வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கடைசி ஒன்றிரண்டு கி.மீ. நிதானமாக வந்து, அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் டர்போவுக்கு நல்லது.

'ரீமேப்' செய்யலாமா?

இஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டுவதுதான் ரீமேப். சக்தி கூடும் என்பது உண்மை. ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பழைய சக்திக்குச் செய்யப்பட்டவை. வாரன்டி போகலாம், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எவ்வளவு வேகம் வரை?

2018 ஏப்ரலில் மத்திய அரசு வேக வரம்பை, விரைவுச்சாலைகளில் 120 கி.மீ. வரை உயர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஓட்டுபவரைப் பொறுத்தவரை அந்தந்த இடத்துப் பலகையில் இருப்பதே கணக்கு. கார்களுக்கு அதிவேக அபராதம் சட்டப்படி 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.

வண்டியின் முழு வேகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது.

சுருக்கமா சொன்னா...

• முந்தும் முன் கியரைக் குறை. முள் 2,000-க்கு மேல்.
• முதலில் இழுவை, அப்புறம் ஸ்டியரிங்.
• வெயிலும் லோடும் இருந்தால் கூடுதல் இடைவெளி.
• ஃபில்டர், காற்று, ஆயில் சரியா என்று பார்த்த பிறகே மற்ற யோசனை.
• 345 மீட்டர் காலியாகத் தெரியவில்லையா? லாரிக்குப் பின்னாலேயே இருப்போம்.