தோலில் ஆடிய ராமன், தாளில் நடந்த ராமன்

கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' ஓடினால், கருங்கல் வீட்டில் பாட்டாவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அனுமன் மலையைத் தூக்கியதும், "மக்கா, அதுல ஒரு துண்டுதான் நம்ம மருந்துவாழ்மலை" என்பார்.

1983இல் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த யுகோ சாகோ, ராமாயணத்தில் மனசைப் பறிகொடுத்தார். ஒரு வெளிநாட்டவர் ராமனைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பு வந்தது. அரசும் கைகொடுக்கவில்லை. படம் ஜப்பானில் உருவானது. இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன் இயக்கத்தில் துணை நின்றார். இசை வன்ராஜ் பாட்டியா. ஏறத்தாழ ஒரு லட்சம் படங்கள், எல்லாம் கையால் வரைந்தவை. 1993 ஜனவரியில், பாபர் மசூதி இடிக்கப்பட்ட அடுத்த மாதம், டெல்லி திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அப்போது ராமன் பெயர் தெருவில் வேறொரு சத்தமாக இருந்தது. படத்தை எங்களிடம் கொண்டுவந்தது டிவிதான். தமிழில் திரையரங்குக்கு வர 2025 ஆனது.

பாட்டாவுக்கு இது புதுசு இல்லை. குமரி மாவட்டத்தில் மண்டிகர்கள் ஆட்டுத்தோலில் ராமனை வரைந்து, விளக்குக்கும் வெள்ளைத்துணிக்கும் நடுவே ஆட்டினார்கள். இடையில் உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள் காட்டிய ராமனை இங்கே யாரும் அந்நியன் என்றதில்லை.

டிவி வந்ததும் தோல்பாவைக்கூத்து மெலிந்தது. அதே டிவியில்தான் பாட்டா தன் கூத்தைத் திரும்பப் பார்த்தார். "சப்பான்காரன் வரஞ்சா என்னலே, வரஞ்ச படம் நடக்குல்லா!"