உடன் பயில்வோர் உரையாட்டு: நன்னூல் முதல் மோதி பாக் வரை

மாணவர் இருவர் இருவராக அமர்ந்து பாடத்தைப் பேசிக் கற்கும் முறை மேலைநாட்டு வரவாகவே பெரிதும் கருதப்படுகிறது. தமிழ்க் கல்வி மரபில் அதற்குரிய இடத்தையும், கடல் கடந்தபோது அது அடைந்த திரிபையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்னூல் வகுத்த பங்கு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை முற்றும் உளங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். உடன் பயில்வோரைக் குறிக்க அந்நூல் ஆளும் ‘அவ்வினையாளர்’ என்னும் சொல் கருதத்தக்கது. அதே தொழிலை உடையவர் என்பது அதன் பொருள். மூத்தோர், இளையோர் என்னும் வேறுபாடு அதில் இல்லை.

எழும்பூர்ச் சோதனை

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. 1823இல் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல்லும், தேர்ந்த மாணவர் மற்றையோர்க்குக் கற்பிக்கும் நாட்டு முறையைத் தம் அறிக்கையில் பாராட்டினார்.

பெல் வகுப்பை இணை இணையாகவே பிரித்தார். ஆயினும் ஒவ்வோர் இணையிலும் ஒருவன் கற்பிப்போன், மற்றவன் கற்போன். நன்னூல் கூறும் அரைப்பங்கு கடல் கடந்தது. ஒத்தோர் கூடிப் பயிலும் காற்பங்கு இங்கேயே நின்றுவிட்டது. குறைந்த செலவில் பலரைப் பயிற்றும் கருவியாக அம்முறை பரவியமையே இதற்குக் காரணம் எனலாம்.

மோதி பாக் வகுப்பறை

1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று மோதி பாக்கில் உள்ளது. தெருவிலும் கடையிலும் இந்தி வழங்கும் நகரில், ஆசிரியர் தமிழில் உரைப்பதைக் கேட்பதனால் மட்டும் மொழி கைவராது. ஒத்த வயதினர் தமிழில் வினவவும் மறுக்கவும் வகுப்பறையே முதன்மையான களம். அங்கு அந்தக் காற்பங்கை இழப்பது மொழியையே இழப்பதாகும்.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மாணவர் தம்முள் உரையாடிக் கற்பதை வற்புறுத்துகிறது. இத்தகைய நூல்களைத் தமிழாக்குவோர், உடன் பயில்வோனைச் சட்டாம்பிள்ளையாக்கும் சொற்களை விலக்குதல் வேண்டும். கலைச்சொல் மேல்கீழ் வைத்தால் வகுப்பறையும் அவ்வாறே அமையும். ஒத்தோரைக் குறிக்கும் சொல் நன்னூலிலேயே உள்ளது.