இல்லாத ஃபோல்டர் பிறந்த கதை

இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறக்கவிருந்த சமயம். ஹங்கேரிக்காரரான மிக்லோஷ் செரெடிக்கு ஒரு சின்ன ஆசை. லினக்ஸில் சுருக்கி வைத்த கோப்பைப் பிரிக்காமலே, ஃபோல்டருக்குள் போவதுபோல உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஏவிஎஃப்எஸ் என்றொரு நிரல் எழுதினார். ‘கோப்பைத் திற’ என்று மற்ற நிரல்கள் கேட்பதை, லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போகும் முன்பே வழிமறித்துத் தானே பதில் சொன்னது அது. ஆனால், தேவையான லைப்ரரிகளைத் தமக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்த நிரல்கள் அதன் கையில் சிக்கவே இல்லை.

இனி கெர்னலுக்குள் கால் வைக்காமல் முடியாது. அதுவோ கருவறை, அங்கே ஒரு பிசகு நேர்ந்தால் கணினியே படுத்துவிடும். அப்போதுதான் கோடா கண்ணில் பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் படைப்பான அதன் ஒரு சிறு பகுதி லினக்ஸ் கெர்னலில் ஏற்கெனவே குடியிருந்தது; கேள்விகளை வெளியே இருக்கும் நிரலிடம் தள்ளிவிடுவதே அதன் வேலை. செரெடி அந்த வாசலை இரவல் வாங்கினார். அங்கும் ஒரு வில்லங்கம்: ஒரு வரி படிக்க வேண்டுமென்றாலும் கோடாவுக்கு முழுக் கோப்பும் வந்து சேர வேண்டும்.

ஃபியூஸ் என்று சொந்த வாசலே கட்டினார். கெர்னலுக்குள் ஒரு சிறு துண்டு, வெளியே ஒரு லைப்ரரி, இடையில் கேள்வி பதில் போய்வர ஒரு குழாய். திற, படி, எழுது என்று கெர்னல் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும். எதை வேண்டுமானாலும் ஃபோல்டராகக் காட்டலாம். தூரத்து சர்வரை ஃபோல்டராக்கும் எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸையும் அவரே எழுதினார். லினக்ஸில் சேர்க்கக் கேட்டபோதுதான் பஞ்சாயத்து கூடியது.

ஒருவர் உருவாக்கிய ஃபோல்டருக்குள் அவர் அனுமதிக்காவிட்டால் ரூட்கூட நுழைய முடியாது என்பது செரெடியின் விதி. சர்வ அதிகாரியான ரூட்டுக்கே தடையா என்று கெர்னல்காரர்கள் கொதித்தார்கள். பதில் தராமல் இழுத்தடிக்கும் போலி ஃபோல்டர், நுழைந்தவரின் நிரலையே முடக்கிவிடுமே என்றார் செரெடி. நியாயமான பயம்தான். 2005 அக்டோபரில் கெர்னலின் 2.6.14 பதிப்பு வந்தபோது, விதி தளராமலே ஃபியூஸ் உள்ளே இருந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு ஹங்கேரியர் ஃபியூஸை வைத்து என்டிஎஃப்எஸ்-3ஜி எழுதி, விண்டோஸ் டிஸ்க்குகளில் லினக்ஸிலிருந்தே எழுத வழிசெய்தார்.

இருந்தும் 2011-இல், கெர்னலுக்கு வெளியே ஓடும் கோப்பு முறையெல்லாம் பொம்மைகளுக்குத்தான் சரி என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஒதுக்கித் தள்ளினார்.

ஆனால் 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, போனின் பொதுச் சேமிப்பிடத்தை ஃபியூஸிடம்தான் ஒப்படைத்தது. வாட்ஸ்அப் ஒரு போட்டோவைக் கேட்டால், காட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வது கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு நிரல்.